மேப்லா பே என்னும் எழுச்சிப் போக்கு

நான் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் டிஜிட்டல் நிதிச் சேவை ஆய்வுப்போக்கு ஆய்வு மையம். ‘ஆய்வு’ இரண்டு தடவை வருவது அச்சுப்பிழை அல்ல. மக்கள் போனில் எப்படிப் பணம் அனுப்புகிறார்கள் என்று ஆராய உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்று ஆராய்கிறவர்கள் நாங்கள். எங்களை ஆராய இன்னொரு மையம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறேன்.

என் பதவி முதுநிலை ஆய்வு அலுவலர். எனக்குக் கீழே இளநிலை என்று யாரும் கிடையாது. ஒன்பது வருடமாக, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். ஆண்டுக்கு ஆறாயிரம் கட்டுரைத் தலைப்புகளைக் கணினிக்குள் கொட்டுவேன். கட்டுரைகளை அல்ல, தலைப்புகளை மட்டும். கட்டுரையை முழுதாகப் படிக்கும் பழக்கமுள்ள ஒருவர் எங்களிடம் இருந்தார். வேலை தேங்குகிறது என்று அனுப்பிவிட்டார்கள். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறதோ அந்த அளவுக்குக் கணினி ஒரு வட்டம் போடும். அதைக் குமிழி என்போம். பெரிய குமிழி என்றால் முக்கியப் போக்கு. புதிதாக ஊதிக்கொண்டு வரும் குமிழி என்றால் எழுச்சிப் போக்கு. எங்கள் இயக்குநருக்குக் குமிழி என்றால் உயிர். பிறந்தநாள் அட்டையில்கூட ஒரு வட்டம் போட்டு அதற்குள்தான் கையெழுத்துப் போடுவார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரும் குமிழிதான்.

போன வருட அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க எழுச்சிப் போக்கு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டேன். ஏதோ ஞாபகத்தில் உண்மையை எழுதிவிட்டேன். குமிழி என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

“போக்கு இல்லாத வருஷம்னு உலகத்துல ஒண்ணு கிடையாது தம்பி. இந்த வருஷமும் எதுவும் எழும்பலன்னா நாம எழும்பணும். நாற்காலிய விட்டு.”

அதனால் இந்த வருடம் மக்களிடமே நேரில் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. கூட்டத்தில் துணை இயக்குநர் அதிர்ந்துபோய், “மக்கள்கிட்டயா? அவங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும்?” என்றார். மையத்தின் வரலாற்றில் மக்கள் என்ற சொல் தலைப்புகளில் மட்டுமே வந்திருந்தது.

எந்தப் பகுதியில் கேட்பது என்று குலுக்கிப் போட்டுப் பார்க்கும் வேலை என்னுடையது. கணினி எந்த இடத்தைச் சொன்னாலும் இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. ஏழாவது தடவை குலுக்கியபோது நான் குடியிருக்கும் குடியிருப்பே வந்தது. அதோடு குலுக்குவதை நிறுத்திவிட்டேன். அறிக்கையில் இதற்கு ‘ஏழு கட்ட வாய்ப்புமுறைத் தேர்வு’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு பேராசிரியர் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

எங்கள் குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்காக எப்போதோ கட்டிய நாலு மாடிக் கட்டடங்கள். வீடுகளெல்லாம் அம்மாக்கள் பெயரில். மகள்கள் கல்யாணமாகியும் நகரவில்லை. புருஷன்காரர்கள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை பனியனோடு வந்து திறப்பார். இரண்டாம் மாடி, இடதுபக்கக் கதவைத் திறப்பவன் நான்.

என் மாமியார் முப்பத்தோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவர் கண்ணைப் பார்த்துத்தான் கத்தியை எடுப்பார்களாம். மாமனார் போன பிறகும் ஓய்வூதியத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். மகளிடம் மருந்துக்குக்கூடக் கை நீட்டியதில்லை. அந்த மனுஷிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தகவல் வந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் மூன்று மாதம் கழித்து வரும் பதினைந்தாம் தேதிக்குள் செயலியில் முகத்தைக் காட்டி, தாங்கள் தாங்கள்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் கணக்கு முடங்கும். அதை மறுபடி திறக்கத் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய் மூன்று படிவம் எழுதிக் கொடுத்து நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

முகத்தைப் பார்க்கும் நேரம் வார நாட்களில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. இயந்திரத்துக்கும் ஆபீஸ் நேரம் உண்டு போலிருக்கிறது. என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவாள்.

“உங்க ஆபீஸ் பத்து நிமிஷ நடை. மத்தியானம் சாப்பிட வர்றீங்க. டிஜிட்டல் பணம்தான் உங்க சப்ஜெக்ட்டு. அம்மாவுக்குக் கொஞ்சம் பண்ணிக் குடுத்திடுங்க” என்றாள்.

“அதுக்கென்ன, ரெண்டு நிமிஷ வேலை” என்றேன். நிபுணன் பேச்சு.

முதல் நாள் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தோம். போனை அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்றது. அத்தை சிமிட்டினார். ‘முகம் பொருந்தவில்லை’ என்றது. மறுபடி சிமிட்டினார். பொருந்தவில்லை. ‘தலையை மெதுவாக இடப்புறம் திருப்பவும்’ என்றது. அத்தை திருப்பிப் பார்த்த இடத்தில் மாமனாரின் படம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். நேரம் முடிந்தது என்று செயலி மூடிக்கொண்டது.

“அத்தை, அது சொல்றப்ப மட்டும் பண்ணுங்க! நீங்களா பண்ணாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

அத்தை சிரித்தார். “முப்பது வருஷம் முகமூடி போட்டுக்கிட்டே வேலை பாத்தாச்சு. இப்ப வந்து முகத்தக் காட்டுன்னா அதுக்கு எப்படி அடையாளம் தெரியும் மாப்ள?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பிற்பகல் ‘மூத்த குடிமக்களும் தடையற்ற டிஜிட்டல் அணுகலும்’ என்ற இயலை முடிக்க வேண்டியிருந்தது. “அப்புறம் பாக்கலாம் அத்தை” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் கேட்டார். “அப்புறம் பாக்கலாம்” என்றேன். அதற்கடுத்த வாரம், “ஒரு பொண்ணு வந்து போனு, பணம்னு என்னென்னமோ கேட்டுட்டுப் போச்சு மாப்ள, உங்க ஆபீஸாமே?” என்றார். அதையும் அப்புறம் பேசலாம் என்றேன். முகம் காட்டுவதைப் பற்றிக் கேட்பதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார். மறந்துவிட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

இதற்கிடையில் கணக்கெடுப்பு முடிந்து அட்டவணை வந்தது. கணக்கெடுத்த பெண் வீடு வீடாகப் போய் எல்லாருடைய பேச்சையும் போனில் பதிவு செய்திருந்தாள். அதை எங்கள் மென்பொருள் கேட்டு, வேண்டாத சொற்களைக் கழித்து, மிச்சத்தை ஆங்கில எழுத்தில் பட்டியல் போட்டுக் கொடுக்கும். எவையெவை வேண்டாத சொற்கள் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். வந்து, அதாவது, பாத்தீங்கன்னா. கூடவே பண்ணு, பண்றேன், பண்ணுவாரு, பண்ணுவாங்க. நம் ஆட்கள் கால் பண்ணு, ஹெல்ப் பண்ணு, ட்ரை பண்ணு என்று எதற்கெடுத்தாலும் பண்ணிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. மொழிப்பற்றில் அந்த வினைச்சொல்லை வேரோடு பிடுங்கிவிட்டேன். பின்னால் வந்த வினையெல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லால் வந்தது.

‘எதன் மூலம் பணம் செலுத்துகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு நேரே, நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் இரண்டே சொல். நான் அதை ‘மேப்லா பே’ என்று படித்தேன். குமிழியும் அப்படியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“மேப்லா பே. கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“நானும் இல்ல. நாம ரெண்டு பேரும் கேள்விப்படாததுன்னா அது எவ்வளவு புதுசு பாருங்க!” அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “எழுந்துட்டுது தம்பி. எழுந்தே போச்சு!”

மற்றப் பதில்களையும் கோத்துப் பார்த்தோம். மேப்லா பேயில் கடவுச்சொல் கிடையாது, கூப்பிட்டால் போதும். குமிழி ‘குரல்வழி இயக்கம்’ என்று எழுதிக்கொண்டார். நெட் இல்லாவிட்டால் மொட்டைமாடிக்குப் போகும் என்றிருந்தது. ‘உயர்தள இணைப்பு’ என்று எழுதினார். கட்டணம் ஒரு காபி. இதில் கொஞ்சம் திணறினோம். கடைசியில் ‘காஃபி’ என்பது ஏதோ புது மின்னணு நாணயம் என்று தீர்மானித்தோம். ஞாயிறு மத்தியானம் சேவை கிடைக்காது: பராமரிப்பு நேரம். மகளோடு சண்டை என்றால் இரண்டு நாள் கிடைக்காது. அட்டவணையில் ‘மகள்’ இருந்த கட்டம் நசுங்கி, ‘சண்டை’ மட்டும் தெரிந்தது. போர் அபாயத்துக்கு உட்பட்ட சேவை என்று தனிப் பத்தி எழுதினோம்.

ஒலிப்பதிவைப் போட்டு ஒரு நிமிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பதிவு மொத்தம் நாற்பது மணி நேரம். மனிதர் பேச்சை மனிதர் கேட்பது தரவின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் என்று எங்கள் கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

முதற்கட்ட முடிவுகளை வெளியிட்ட இரண்டே வாரத்தில் ஊரே பற்றிக்கொண்டது. ஒரு நாள் பட்டறை வைத்தோம். ஏழு கட்டக் குலுக்கலைப் பாராட்டிய பேராசிரியர்தான் முதலில் பேசினார்.

“மேப்லா பே பத்தி இதுவரைக்கும் வந்த எல்லா ஆராய்ச்சியையும் முறைப்படி அலசி முடிச்சேன். மொத்தம் பூஜ்யம். இத்தனை சுத்தமான ஆய்வு இடைவெளிய என் வாழ்நாள்ல நான் பாத்ததில்ல” என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுதிய ‘பூஜ்யம் கட்டுரைகள்: ஒரு மீளாய்வு’ அடுத்த மாதமே வெளியாயிற்று. அதை மேற்கோள் காட்டிப் பத்து வந்தன. பத்தை மேற்கோள் காட்டி முப்பது வந்தன.

அடுத்துப் பேசியவர் வங்கிகள் கூட்டமைப்பின் தலைவர். “அதோட நிறுவனர நான் நேர்லயே சந்திச்சிருக்கேன்” என்றார். கூட்டம் சலசலத்தது. “விமான நிலையத்துல. ரொம்ப எளிமையான மனுஷன். அதிகம் பேசல. ரகசியமெல்லாம் சொல்லக்கூடாது பாருங்க.”

பெயர் என்ன என்று யாரோ கேட்டார்கள். “அந்த அளவுக்கு எளிமை” என்றார்.

மேடையில் கடைசியாக எழுந்தவர் ஒழுங்குமுறை ஆணையர். மேசையைத் தட்டித் தட்டிப் பேசும் பழக்கம் அவருக்கு. “மேப்லா பேக்கு மூணு நோட்டீஸ் அனுப்பிட்டோம். முகவரி தெரியல. ஆனா சட்டப்படி அனுப்பியே ஆகணும். அதனால எங்க ஆபீஸ் முகவரிக்கே அனுப்பினோம். மூணையும் வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து இருக்கு. பதில் மட்டும் வரல. இந்தத் திமிர சும்மா விடமாட்டோம்!”

நான் கைதட்டினேன். என் பெயர் போட்ட குமிழிப் படம் திரையில் ஆளுயரத்துக்கு நின்றது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் துணை இயக்குநர் எனக்குப் பிஸ்கட் தட்டை நகர்த்திவைத்தார். நானும் ஒரு பேட்டியில், “மேப்லா பேயை நான் தனிப்பட்ட முறையிலும் பயன்படுத்திப் பார்த்தேன், நல்ல அனுபவம்” என்று சொல்லித் தொலைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வீட்டில் மனைவி நாள்காட்டியில் பதினைந்தாம் தேதியைச் சிவப்பு மையில் சுழித்துவைத்தாள். அதே தேதிதான் எங்கள் அறிக்கையின் வெளியீட்டு விழாவும், மூன்று மணிக்கு. வட்டத்தைப் பார்த்துவிட்டு, விழாவை ஞாபகம் வைத்துக் குறித்திருக்கிறாளே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

“அம்மா கணக்கு மொடங்கிட்டா நாலு மாசம் அவங்க யார்கிட்ட கேப்பாங்க? என்கிட்ட கேக்கமாட்டாங்க. மாத்திரைய நிறுத்துவாங்க. உங்களுக்கு அவங்களத் தெரியாதா?” என்றாள்.

“இன்னும் நாலு நாள் இருக்கேம்மா” என்றேன்.

பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்குக் குமிழி என் அறைக்கு ஓடி வந்தார். “விழாவுல ஒரு வாடிக்கையாளர் குரல் வேணும் தம்பி. ஒரு நிமிஷம் போதும். உருக்கமா இருக்கணும். பதிவுலேர்ந்து ஒண்ணு எடுத்து வையுங்க.”

முதல் தடவையாக ஒலிப்பதிவுகளைத் திறந்தேன். கணக்கெடுத்த பெண்ணின் குரல் கேட்டது: “எதன் மூலமா பணம் கட்டறீங்கம்மா?”

ஒரு வயதான குரல் சொன்னது: “எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. மாப்ள பே பண்ணுவாரு.”

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்ததைத் திறந்தேன். “எங்க வீட்டுல மாப்ள பே பண்ணுவாரு.” அதற்கடுத்தது. “நம்மால ஆவாது. மாப்ள பே பண்ணுவாரு, ஒரு காபி போட்டுக் குடுத்தா போதும்.” “மாப்ள பே பண்ணுவாரு, ஆனா மகளோட சண்டைன்னா ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரமாட்டாரு.”

மாப்ள பே. பண்ணுவாருவைப் பிடுங்கியவன் நான். நாற்காலியில் உட்கார்ந்தபடி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தோரு கட்டுரைகள், மூன்று நோட்டீஸ்கள், ஒரு போர் அபாயம். எல்லாம் மொட்டைமாடியில் பனியனோடு நின்று சிக்னல் தேடும் எங்கள் குடியிருப்பு மாப்பிள்ளைகள்.

கை பட்டு அடுத்த பதிவு தானாக ஓட ஆரம்பித்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

“முன்னெல்லாம் மாப்ள பே பண்ணுவாரும்மா. நல்லாத்தான் பண்ணுவாரு. இப்ப அவருக்கு ஆராய்ச்சி ஜாஸ்தி. கேட்டா கோவம் வருது. எதுக்கு மனுஷனத் தொந்தரவு பண்ணணும்னு கேக்கறத விட்டுட்டேன்.”

“அஞ்சு மார்க்குக்கு எத்தனை மார்க் குடுப்பீங்கம்மா?”

பாத்திரம் ஏதோ நகரும் சத்தம் கேட்டது.

“அஞ்சே போட்டுக்கம்மா. கொறச்சுப் போட்டா அவரு வேலைக்கு ஏதாவது ஆயிடப் போவுது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம் அல்ல, அழுகை வந்தது. அத்தைக்கு போன் போட்டேன்.

“அத்தை, நாலரைக்குள்ள வந்துடறேன். இன்னைக்குக் கண்டிப்பா பண்ணிடலாம்.”

“அது வந்து மாப்ள...”

“ஜன்னல் பக்கமா உக்காந்திருங்க அத்தை, வெளிச்சம் வேணும். வெச்சுடறேன்” என்று வைத்துவிட்டேன்.

பிறகு குமிழியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பதிவையும் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலு பதிவு கேட்டபின் கண்ணைத் திறந்தார்.

“சரி. மேப்லா பேன்னு ஒண்ணு இல்ல. ஒத்துக்கறேன். ஆனா இல்லாம இருந்தது எப்ப? மூணு மாசத்துக்கு முன்னால. இப்ப நாப்பத்தோரு கட்டுரை வந்தாச்சு. நாப்பத்தோரு கட்டுரை வந்தப்புறம் ஒரு விஷயம் எப்படி இல்லாம இருக்கும்? நம்ம மையத்தப் பத்தி எத்தனை கட்டுரை வந்திருக்கு, சொல்லுங்க.”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

“அப்ப யாரு நிஜம்? அதுவா, நாமளா?”

மத்தியானம் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். திரையில் குமிழிப் படத்தின் நீலம் போதுமான நீலமாக இல்லை என்று அவர் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். இரண்டே முக்கால் வரை நீலம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

விழாவில் எல்லாரும் பேசி முடித்து என் பெயரைக் கூப்பிட்டபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம். மேடையேறினேன். முன்வரிசையில் ஆணையர், கூட்டமைப்புத் தலைவர், பேராசிரியர். ஓரத்தில் குமிழி நின்றுகொண்டு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். என் வாயால் சொன்னால் சொதப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். பொத்தானை அமுக்கினேன். அத்தையின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது, கேக்கறத விட்டுட்டேன் என்பதிலிருந்து அஞ்சே போட்டுக்கம்மா வரை.

“மேப்லா பேன்னு ஒரு செயலியே கிடையாதுங்க” என்றேன். “அது மாப்ள பே. மாப்ள பே பண்ணுவாரு. பண்ணுவாரை அழிச்சது நான். இப்பப் பேசினது என் மாமியார். அந்த மாப்ள நான்தான். அஞ்சு மார்க் பொய்.”

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். நெஞ்சு லேசாகக்கூட இருந்தது.

முதலில் எழுந்தது பேராசிரியர். “மனிதர்வழித் தளம்!” என்று கத்தினார். “உலகத்துல இதுவரைக்கும் யாரும் மாப்பிள்ளைய ஒரு தளமா பாத்ததேயில்ல! மருமகள் பே பத்தி ஏதாவது தரவு இருக்கா? இல்லையா? ஆகா, இடைவெளி!”

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கூட்டமைப்புத் தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம், “நான் அன்னைக்கே சொன்னேன்ல, ரொம்ப எளிமையான மனுஷன்னு” என்று என்னைக் காட்டினார். ஆணையர் மேசையைத் தட்டினார்.

“இத்தனை நாளா உரிமம் வாங்காம இயங்கியிருக்கீங்க! இனிமே ஒவ்வொரு மாப்பிள்ளையும் பதிவு பண்ணிக்கணும். மாமியார் ஒப்புதல் படிவம் கட்டாயம். காபிக்கு உச்சவரம்பு வைக்கணும். ஒரு வீட்டுல ரெண்டு மாப்பிள்ளைன்னா போட்டிச் சட்டம் வரும்!”

குமிழி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அடுத்த அஞ்சு வருஷத்துக்கு வேலை இருக்கு தம்பி!” அவர் கண்ணில் நிஜமாகவே நீர். ஆணையர் ஒரு குழு அமைத்தார், அந்த இடத்திலேயே. மாப்பிள்ளைகள் தரப்பில் என்னையும் சேர்த்தார். உறுப்பினர்கள் குழுப் படம் எடுக்க வரிசையாக நின்றார்கள். மணி நாலு இருபத்தெட்டு.

“எனக்கு வீட்டுல ஒரு பே பண்ணணும்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக ஓடினேன்.

பத்து நிமிட நடை. ஓடினால் எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது, நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். இரண்டாம் மாடி ஏறியபோது மணி நாலு நாற்பத்தொன்று. அத்தை ஜன்னல் பக்கம், நான் சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள்.

“போன குடுங்க அத்தை! இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருக்கு!”

“மொதல்ல தண்ணி குடிங்க மாப்ள. இரைக்குது.”

“தண்ணி அப்புறம். போனு, போனு!”

“அது காலையிலயே ஆயிடுச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன், வெச்சுட்டீங்க.”

“யாரு பண்ணினது?”

“எதிர்வீட்டு மாப்ள.”

எதிர்வீட்டு மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர். மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பேன், அவ்வளவுதான். எங்கள் துறையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

“எப்படி அத்தை? நமக்கு வரவேயில்லையே?”

“வந்தாரு. ஜன்னல் பக்கம் உக்காரச் சொன்னாரு. ‘கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு தடவ பாக்கலாமாம்மா’ன்னாரு. கழட்டினேன். ஒரே சிமிட்டு. ஆயிடுச்சுன்னுது.”

கண்ணாடி. மூன்று மாதமாக அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அதைக் கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அறிக்கையின் நாலாம் இயல் முழுக்க இடைமுகத் தடைகளைப் பற்றி நான் எழுதியது. அறுபத்திரண்டு பக்கம்.

“காபி குடுத்தீங்களா?”

“வேணாம்னுட்டாரு. அவசரமா போவணுமாம், எங்கயோ லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டாங்களாம்.”

கட்டணமும் கிடையாது. நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அத்தை எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அவர் சொன்ன ஐந்து மார்க்கைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்ததால் வேறு கேட்டேன்.

“எதிர்வீட்டு மாப்ளைக்கு எத்தனை மார்க் போடுவீங்க அத்தை?”

“அவருக்கென்ன, அஞ்சுதான்” என்றார் யோசிக்காமல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் அஞ்சுதான் மாப்ள” என்றார்.

“அத்தை, அடுத்த வாரம் கரன்ட் பில் கட்டணும்ல? அத நானே பண்றேன். கத்தமாட்டேன். சத்தியமா நானே பண்றேன்.”

அத்தை செய்தித்தாளை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கண்ணாடியில்லாத முகத்தோடு, அந்தச் செயலி அடையாளம் கண்டுகொண்ட முகத்தோடு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்புறம் பாக்கலாம் மாப்ள.”